இடித்தது இரண்டு நாள். கட்டியது இருபது வருஷம்!

ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு கோட்டை இருக்கிறது. அந்த நாட்டுப் பக்கமே போகாதவர்கள் கூட அதைப் பார்த்திருப்பார்கள். காலண்டரில் பார்த்திருப்பார்கள். பிஸ்கட் டப்பாவின் மூடியில் பார்த்திருப்பார்கள். அதுவும் இல்லை என்றால் சினிமாவில் பார்த்திருப்பார்கள். 1998-ம் ஆண்டு வெளிவந்த "குச் குச் ஹோதா ஹை" இந்திப் படத்தில் ஷாருக்கானும் கஜோலும் பாடித் திரிகிற பாட்டில், தண்ணீருக்கு நடுவே ஒரு கல் கோட்டை தெரியுமே, அதுதான்!

கோட்டையின் பெயர் எயிலன் டோனன்.

சுற்றிலும் நீலத் தண்ணீர். பின்னால் மலை. கரையிலிருந்து கோட்டைக்குப் போக ஒரு கல் பாலம். பார்த்தவுடன் இது எழுநூறு, எண்ணூறு வருஷத்துக் கோட்டை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கோட்டைக்கு அந்த வயது உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கட்டிடத்துக்கு இல்லை! மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையக் கட்டிடம் 1888-ம் ஆண்டு முடிந்தது. எயிலன் டோனனில் இன்று நிமிர்ந்து நிற்கும் சுவர்களில் பெரும்பாலானவை அதைவிட இளையவை. அந்தக் கல் பாலமும் அப்படித்தான். வேலை முடிந்தது 1932-ம் ஆண்டு ஜூலை மாதத்தில்.

நடுவில் இருநூறு வருஷம் அங்கே கோட்டை இல்லை. மண் மூடிய கல் குவியலும் பாதிச் சுவர்களும் மட்டுமே இருந்தன. அது எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பது ஒரு பெரிய கதை. அந்தக் கதையில் சென்னைப் பட்டினமும் கடலூரும் கூட வருகின்றன.

மூன்று கழிகள் கூடும் இடம்

ஸ்காட்லாந்தின் வட மேற்குப் பகுதி மலை நாடு. அங்கே கடல் நேர்க்கரையில் வந்து மோதுவதில்லை. மலைகளுக்கு இடையே விரல் விரலாக நுழைந்து கிடக்கிறது. இந்தக் கடற்கழிகளை அந்த ஊர்க்காரர்கள் "லாக்" என்பார்கள். டூயிக், லாங், அல்ஷ் என்று மூன்று லாக்குகள் ஒன்று கூடும் இடத்தில் ஒரு சின்னப் பாறைத் தீவு. பக்கத்துக் கிராமம் டோர்னி. அந்த வட்டாரத்துக்கு கின்டெயில் என்று பெயர்.

மலைநாட்டு மக்களின் பழைய மொழி கேலிக். அந்த மொழியில் "எயிலன்" என்றால் தீவு. டோனன் என்பவர் ஒரு கிறிஸ்தவத் துறவி. 617-ம் ஆண்டில் எய்க் என்ற வேறொரு தீவில் கொலையுண்டவர். அவர் பெயரால் இது டோனன் தீவு ஆயிற்று.

சாலை இல்லாத காலத்தில் கடல்தான் சாலை. வடக்கேயிருந்து நார்வேக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து கொள்ளையடித்துப் போவார்கள். அவர்களுக்குக் காவலாக 13-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பாறை மேல் கோட்டை எழுந்தது. மூன்று கழிகளில் எதில் படகு வந்தாலும் கோட்டைக்காரன் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

பிற்காலத்தில் கோட்டை மெக்கன்சி குலத்தின் கைக்கு வந்தது. மலைநாட்டில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் சொன்னால் குலத்தார் வாளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மெக்கன்சிகளுக்குத் துணையாக நின்ற சிறிய குலம் மக்ரே. கோட்டைக் காவல் பெரும்பாலும் இவர்களிடம்தான் இருந்தது. இவர்களுக்கு "மெக்கன்சியின் இரும்புச் சட்டை" என்றே பட்டப் பெயர். சண்டையில் முதல் அடி சட்டை மேல்தானே விழும்!

கோட்டை வாழ்க்கை ஒன்றும் ராஜபோகம் அல்ல. 1331-ம் ஆண்டு அரசப் பிரதிநிதி ஒருவர் நியாயம் வழங்குவதற்காக இந்தப் பக்கம் வந்தார். அவர் வருகையைச் சிறப்பிக்க ஐம்பது குற்றவாளிகளின் தலைகளை வெட்டி மதில் மேல் வரிசையாக வைத்தார்களாம்.

1539-ம் ஆண்டு டொனால்டு கோர்ம் என்ற தலைவன் படகுகளில் படையோடு வந்து கோட்டையை வளைத்தான். உள்ளே இருந்தவர்கள் மிகச் சிலர். டங்கன் மக்ரே என்ற வீரனிடம் மிச்சம் இருந்தது ஒரே ஓர் அம்பு. குறி பார்த்து விட்டான். அம்பு டொனால்டின் காலில் தைத்தது. ஆத்திரத்தில் அவன் அதைப் பிடித்து இழுத்தான். முள் வைத்த அம்பு. ரத்தக் குழாய் அறுந்தது. தலைவன் செத்தான், படை திரும்பிப் போனது. ஒரே அம்பு என்பது மக்ரே குலத்தார் சொல்லும் கணக்கு. அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள்

1719-ம் ஆண்டு வந்தது. அப்போது லண்டனில் அரியணையில் இருந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஜார்ஜ் மன்னர். பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்தைத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று ஒரு கூட்டம் சதி செய்துகொண்டே இருந்தது. மெக்கன்சி குலத் தலைவரான சீஃபோர்த் பிரபுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இங்கிலாந்தோடு பகை கொண்டிருந்த ஸ்பெயின் நாடு உதவிக்கு வந்தது.

ஸ்பெயினிலிருந்து பெரிய கப்பற்படை கிளம்பியது. வழியில் புயல் அதைச் சிதறடித்துவிட்டது. வேறு வழியாக வந்த இரண்டு கப்பல்கள் மட்டும் சுமார் முன்னூறு வீரர்களோடு ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தன. அவர்கள் கொண்டு வந்த வெடிமருந்தை எயிலன் டோனனில் இறக்கினார்கள். காவலுக்கு 39 ஸ்பானியச் சிப்பாய்களையும் சில அதிகாரிகளையும் வைத்துவிட்டு மற்றவர்கள் மலைப் பக்கம் போனார்கள்.

லண்டனுக்குத் தகவல் எட்டாமல் இருக்குமா? "வொர்செஸ்டர்", "ஃபிளாம்பரோ", "என்டர்பிரைஸ்" என்ற மூன்று போர்க்கப்பல்கள் கழிக்குள் நுழைந்தன. மே மாதம் 10-ந் தேதி காலை, சமாதானக் கொடியோடு ஒரு படகைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஸ்பானியர்கள் அந்தப் படகை நோக்கிச் சுட்டார்கள். அவ்வளவுதான், பீரங்கிகள் முழங்கின.

சில இடங்களில் பதினாலு அடி கனமுள்ள சுவர். பீரங்கிக் குண்டு உடனே அதை என்ன செய்துவிடும்? மறுநாளும் சுட்டார்கள். மாலையில் பீரங்கிப் புகையின் மறைவில் மாலுமிகள் படகுகளில் இறங்கிக் கோட்டைக்குள் புகுந்தார்கள். உள்ளே அதிக எதிர்ப்பு இல்லை. 343 பீப்பாய் வெடிமருந்து அகப்பட்டது.

பீரங்கியால் முடியாததை வெடிமருந்து முடித்தது. அடுத்த இரண்டு நாட்களில் 27 பீப்பாய் மருந்தை வைத்துக் கோட்டையைத் தகர்த்தார்கள். ஐந்நூறு வருஷம் நின்றது இரண்டு நாளில் கல் குவியல் ஆயிற்று!

ஒரு மாதம் கழித்து, ஜூன் 10-ந் தேதி, பக்கத்தில் கிளென்ஷீல் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் கலகக்காரர்கள் தோற்றார்கள். ஸ்பானியர்கள் சரணடைந்தார்கள். அவர்கள் நின்று போராடிய மலைச் சிகரத்துக்கு இன்றும் "ஸ்பானியர் சிகரம்" என்று கேலிக் மொழியில் பெயர்.

சீஃபோர்த் பிரபு பிரான்சுக்கு ஓடிப் போனார். அவருடைய நிலங்களை அரசு பறிமுதல் செய்தது. ஆனால் கின்டெயில் குடியானவர்கள் அரசுக்கு வாரம் செலுத்த மறுத்தார்கள். பிரபுவின் ஆளான டொனால்டு மர்ச்சிசன் என்பவர் ஊர் ஊராகப் போய் வாரத்தை வசூல் செய்து, கடல் கடந்து ஓடிப் போன தலைவருக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். வசூலுக்கு வந்த அரசாங்க அதிகாரிகளை வழியிலே மறித்துத் திருப்பி அனுப்பியதும் உண்டு. கோட்டை இடிந்தாலும் குலத்தின் கட்டு இடியவில்லை. அந்த விசுவாசத்துக்கு அடுத்த தலைமுறைகளில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் வேதனை.

சென்னைக்கு வந்த கின்டெயில் வாலிபர்கள்

சீஃபோர்த் குடும்பம் பிற்பாடு அரசோடு சமாதானமாகி, சொத்துக்களைத் திரும்பப் பெற்றது. அந்த நன்றிக்குக் காணிக்கையாக, 1778-ம் ஆண்டில் கென்னத் மெக்கன்சி என்ற சீஃபோர்த் பிரபு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களைத் திரட்டி மன்னருக்கு ஒரு ராணுவப் படைப்பிரிவு அமைத்துக் கொடுத்தார். அதில் மக்ரே குலத்து வாலிபர்கள் ஏராளம்.

படை எடின்பரோ நகருக்கு வந்தது. லீத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் சமயத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. "நம்மைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்" என்பதே அது. சம்பள பாக்கி வேறு இருந்தது. சிப்பாய்களில் பலர் கப்பல் ஏற மறுத்தார்கள். குழல் வாத்தியம் முழங்க, நகரத்தை ஒட்டிய "ஆர்தர் இருக்கை" என்ற குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நகர மக்கள் அவர்களுக்குச் சோறும் குடிக்கப் பானமும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள் நடுவில் புகுந்து பேசி, மன்னிப்பும் பாக்கிப் பணமும் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் சில நாள் கழித்து இறங்கி வந்தார்கள். "மக்ரே முரடர்களின் கலகம்" என்று சரித்திரத்தில் இதற்குப் பெயர்.

முரடர்கள் என்று எழுதி வைத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அவர்கள் பயந்தது பலித்தது!

மூன்று வருஷம் கழித்து, 1781-ம் ஆண்டு ஜூன் மாதம் அதே படையை போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். சென்னை வந்து சேர்ந்தது 1782-ம் ஆண்டு ஏப்ரலில். பத்து மாதம் கடலில்! பச்சைக் காய்கறி இல்லை, பழம் இல்லை. ஈறு வீங்கி, பல் ஆடி, உடம்பெல்லாம் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கப்பலில் புகுந்தது. 247 பேர் வழியிலேயே செத்தார்கள். படையைத் திரட்டிய பிரபுவும் நடுக்கடலில் இறந்தார். புறப்பட்ட சுமார் 1,100 பேரில், சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது ஆயுதம் தூக்கும் தெம்போடு இருந்தவர்கள் 369 பேர்தான்.

மிஞ்சியவர்கள் ஹைதர் அலிக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் எதிராக நடந்த போரில் இறக்கப்பட்டார்கள். 1783-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த கடலூரை ஆங்கிலப் படை தாக்கியபோது இவர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். கின்டெயில் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த வாலிபனுக்குக் கடலூர் வெயிலில் என்ன வேலை? அவன் தலைவன் மன்னருக்குச் செலுத்திய நன்றிக் கடன் அது.

சீஃபோர்த் குடும்பத்துச் சிபாரிசில் சென்னைக்கு வந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் ஸ்டார்னவே ஊரில் சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1783-ம் ஆண்டு சென்னை வந்தார். நில அளவை செய்யும் வேலை. ஊர் ஊராகப் போகும்போது கல்வெட்டு, ஓலைச் சுவடி, கிராமத்துப் பழங்கதை என்று கண்டதையெல்லாம் எழுதி வாங்கிச் சேர்த்தார். காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்கள் அவருக்குத் துணை. அவர்தான் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் காலின் மெக்கன்சி. அவர் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. தமிழ்நாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

கின்டெயிலில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. பிரபு குடும்பம் கடனில் மூழ்கியது. நிலங்கள் கைமாறின. கடைசி சீஃபோர்த் பிரபுவின் நான்கு மகன்களும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். 1815-ம் ஆண்டு ஜனவரியில் அவரும் போனார். சொத்து மூத்த மகளுக்குப் போனது. அந்த அம்மாளின் கணவர் கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட். அவரும் சில வாரங்களுக்கு முன்பு, 1814-ம் ஆண்டு டிசம்பரில், சென்னையில்தான் காலமானார்!

மலைநாட்டில் மனிதனை விட ஆட்டுக்கு மதிப்பு ஏறிய காலம் அது. கம்பளி வியாபாரம் லாபமாக இருந்தது. குடியானவர்களைக் கிளப்பிவிட்டு நிலத்தை ஆட்டுப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். மக்ரேக்கள் மூட்டை கட்டினார்கள். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சிதறிப் போனார்கள். பாறைத் தீவில் பாதிச் சுவர்கள் மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றன.

ஒரு அதிகாரி, ஒரு கொத்தனார்

1911-ம் ஆண்டு அந்தத் தீவை ஒருவர் விலைக்கு வாங்கினார். பெயர் ஜான் மக்ரே கில்ஸ்டிராப். ராணுவ அதிகாரி. மக்ரே குலத்தில் கான்க்ரா என்ற கிளையைச் சேர்ந்தவர். "கில்ஸ்டிராப்" மனைவி வழி வந்த பெயர். மனைவி வீட்டார் இங்கிலாந்தில் பீர் காய்ச்சுவதற்கான மால்ட் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர்கள். பெயரோடு செல்வமும் வந்தது. அந்தச் செல்வம் இல்லாவிட்டால் இந்தக் கோட்டை இன்றும் கல் குவியல்தான்.

பணம் மட்டும் கோட்டை கட்டிவிடுமா? வேலைக்குத் தலைமை ஏற்க ஓர் ஆள் கிடைத்தார். அவரும் ஒரு மக்ரே! ஃபர்குவர் மக்ரே என்ற உள்ளூர்க் கொத்தனார்.

எயிலன் டோனனின் பழைய உருவத்தைக் கனவில் பார்த்ததாக ஃபர்குவர் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. வாசல் இங்கே, ஜன்னல் அங்கே, கோபுரம் இப்படி என்று எல்லாம் கனவில் தெரிந்ததாம். அந்தக் கனவுப்படியே கட்டினார்கள் என்றும், பிறகு கிடைத்த பழைய வரைபடத்தோடு அது அப்படியே ஒத்துப் போனது என்றும் இன்றுவரை சொல்லி வருகிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு.

இடிபாட்டை அள்ளியபோது பழைய அஸ்திவாரங்கள் வெளியே வந்தன. எந்தச் சுவர் எங்கே ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த அடித்தளத்தின் மேல் எடின்பரோ நகரத்துக் கட்டிடக் கலைஞர் ஜார்ஜ் மேக்கி வாட்சன் புதிய வடிவம் வரைந்தார். 1914-ம் ஆண்டு உலகப் போர் வந்தது. ஆட்கள் போருக்குப் போனார்கள். பெரிய வேலை சூடு பிடித்தது 1919-ம் ஆண்டுக்குப் பிறகுதான்.

கொத்து வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வேலையின் கஷ்டம் புரியும். தீவுக்குப் போக முதலில் பாலம் கிடையாது. பாலத்தையும் இந்த வேலையோடு சேர்த்துத்தான் கட்டினார்கள். மேற்குக் கரையில் வருஷத்தில் பாதி நாள் மழை. குளிர் காலத்தில் பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்கூடத் தேறாது. ஈரக் காற்றில் சாந்து இறுகுவதற்குள் உறைபனி பிடித்தால் பூச்சு உதிர்ந்து போகும். ஒழுங்கில்லாத காட்டுக் கல்லை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எந்த முகம் வெளியே வர வேண்டும் என்று தீர்மானித்து, இடுக்குகளில் சில்லுக் கல்லைச் சொருகி மேலே ஏற்ற வேண்டும். பதினாலு அடிச் சுவரில் அப்படி எத்தனை கல்! அளவு நாடாவை விடக் கொத்தனாரின் கண்தான் அங்கே பேசும்.

பெரிய விருந்து மண்டபத்துக்கு உத்தரம் போட நீண்ட மரம் வேண்டும். டக்ளஸ் ஃபர் என்ற மரத்தைக் கனடாவில் குடியேறிய மக்ரே குலத்தார் அன்பளிப்பாக அனுப்பி வைத்தார்கள். ஆட்டுக்காக ஊரைவிட்டுக் கிளப்பப்பட்டவர்களின் பேரன் பேத்திகள், பார்த்தே இராத கோட்டைக்கு மரம் அனுப்பினார்கள்! இந்தக் கோட்டையில் சிறந்த இடம் எது என்று கேட்டால், அந்த உத்தரங்களைத்தான் காட்ட வேண்டும்.

1932-ம் ஆண்டு ஜூலை மாதம் வேலை முடிந்தது. இரண்டரை லட்சம் பவுன் செலவானதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

காட்டிக் கொடுத்த படம்

வேலை முடியப் போகும் சமயத்தில் ஒரு பழைய வரைபடம் அகப்பட்டது. கோட்டை தகர்வதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1714-ம் ஆண்டில், லூயிஸ் பெட்டிட் என்ற ராணுவப் பொறியாளர் நேரில் பார்த்து வரைந்த படம்.

அதில் இருந்த கோட்டைக்கும் புதிதாகக் கட்டியதற்கும் பல இடங்களில் பொருத்தம் இல்லை. பழைய கோட்டை அலங்காரம் இல்லாத, முரட்டுத்தனமான கட்டிடம். புதியது அதைவிட அழகு. கல் வேலைப்பாடும் அதிகம். கனவும் படமும் ஒத்துப் போன கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் குறைவு.

அப்படியானால் இது போலிக் கோட்டையா?

சரித்திர நிபுணர்களில் ஒரு சாரார் ஆமாம் என்பார்கள். இடிந்ததை இடிந்தபடியே காப்பாற்ற வேண்டும், நம் கற்பனையை அதன் மேல் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1877-ம் ஆண்டு வில்லியம் மாரிஸ் என்ற அறிஞர் லண்டனில் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியதே இந்தக் கொள்கைக்காகத்தான். "புதுப்பிக்கிறேன் பேர்வழி" என்று கிளம்பியவர்கள் எத்தனையோ பழைய மாதா கோவில்களைச் சுரண்டிப் பாழாக்கியதைக் கண்டு பொறுக்காமல் ஆரம்பித்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. புதுப் பூச்சுக்கு அடியில் பழைய வேலைப்பாட்டைத் தொலைத்த இடங்கள் நம் நாட்டிலும் இல்லாமலா இருக்கின்றன?

ஆனால் ஆதாரத்தோடு புதுப்பித்தாலும் எல்லோரும் மகிழ்ந்துவிடுவதில்லை. அதே ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் கோட்டை இருக்கிறது. அங்கே நாலாவது ஜேம்ஸ் மன்னர் கட்டிய பெரிய மண்டபத்தை ராணுவம் குறுக்குச் சுவர் எழுப்பிச் சிப்பாய்களின் குடியிருப்பாக ஆக்கி வைத்திருந்தது. 1964-ம் ஆண்டு ராணுவம் வெளியேறியது. நிபுணர்கள் பல வருஷம் ஆராய்ந்து, அங்குலம் அங்குலமாகப் பழைய நிலைக்குக் கொண்டு வந்து 1999-ம் ஆண்டு திறந்தார்கள். அந்தக் காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் வழக்கம் இருந்ததால் வெளிர் மஞ்சள் நிறத்தில் பூசினார்கள். ஊரெல்லாம் எதிர்ப்பு! "கோட்டை என்றால் கறுத்த கல்லாக இருக்க வேண்டாமா?" என்று பலர் முகம் சுளித்தார்கள்.

ஆக, உண்மையைப் போல் செய்தால் போலி மாதிரித் தெரிகிறது. கற்பனையாகச் செய்தது உண்மை போல் காட்சி தருகிறது. எயிலன் டோனனின் வெறும் கல் சுவரைப் பார்த்து மயங்குகிறவர்கள், ஸ்டர்லிங்கின் மஞ்சள் சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

எயிலன் டோனன் மாதிரி ஒரு வேலையை இன்று செய்ய முடியாது. டியோரம் என்ற இன்னொரு தீவுக் கோட்டை அதே மேற்குக் கரையில் இருக்கிறது. 1715-ம் ஆண்டு அதன் சொந்தத் தலைவரே எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தீ வைக்கச் சொன்ன கோட்டை. 1997-ம் ஆண்டு அதை வாங்கியவர், கூரை போட்டுக் குடியிருக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். தொல்பொருள் இலாகா மறுத்துவிட்டது. விசாரணை நடந்தும் பலன் இல்லை. இதற்கிடையே 2000-ம் ஆண்டில் மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. இடிந்ததை இடிந்தபடி காப்பாற்றுவதும் சுலபம் இல்லை என்று அந்தச் சுவர் சொல்லியது.

கின்டெயில் மக்ரேக்களிடம் இந்த வாதமெல்லாம் எடுபடாது. வாட்சன் வரைந்தது அப்படியே பழைய கோட்டை அல்ல என்பது நிபுணர்களுக்கு முக்கியம்தான். ஆனால் அடித்தளம் பழையது. இடம் பழையது. கல்லை ஏற்றியவர் அதே மண்ணின் கொத்தனார். பணம் போட்டவரும் மரம் அனுப்பியவர்களும் அதே குலம். கனவுக் கதையைத் தள்ளிவிட்டு, இருபது வருஷ உழைப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலே ஃபர்குவர் மக்ரேயின் பெயர் நிற்கும்.

இன்று

1955-ம் ஆண்டு கோட்டை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1983-ம் ஆண்டு கான்க்ரா குடும்பத்தார் ஒரு தர்ம டிரஸ்ட் அமைத்து நிர்வாகத்தை அதன் கையில் கொடுத்தார்கள். ஆண்டுக்கு லட்சக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கி உள்ளே போகிறார்கள்.

வாசலில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவு. அதற்கு மேலே கேலிக் மொழியில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு மக்ரே இருக்கும் வரை, வெளியே ஒரு ஃபிரேசர் நிற்க வேண்டி வராது என்று பொருள். ஃபிரேசர் என்பது இவர்களுக்கு நட்பான இன்னொரு குலம். உள்ளே விருந்து மண்டபம், கனடா மரத்து உத்தரங்கள், பழைய வாட்கள், படங்கள். சமையலறையை 1930-களில் இருந்தபடி பாத்திரம் பண்டங்களோடு அமைத்து வைத்திருக்கிறார்கள். விருந்துக்கு அடுப்பு மூட்டி வேலை நடப்பது போல் ஆள் உயரப் பொம்மைகள். குழந்தைகள் அங்கிருந்து நகர மறுக்கும்.

வெளியே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் இறந்த மக்ரே குலத்தாருக்காக கில்ஸ்டிராப் எழுப்பியது. பெயர்களை வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். சென்னைக்கு வரும் வழியில் கடலில் போனவர்கள் அந்தப் பட்டியலில் சேர மாட்டார்கள்; அது வேறு போர்.

உப்புக் காற்று ஓய்வதில்லை. மழையும் விடுவதில்லை. சுவரின் இடுக்குகளில் சாந்து கரைந்துகொண்டே இருக்கும்; அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். டிக்கெட் பணத்தில் அந்த வேலை நடக்கிறது. 1932-ம் ஆண்டு முடிந்த கொத்து வேலைக்கும் இப்போது ரிப்பேர் வந்துவிட்டது.